கத்திரி வெயிலில் ஊர் தேடி இறங்கிய கதை

மே 18, கோத்தகிரி – மதுரை

மே மாதம் ஊரே நீலகிரிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது நான் ஒருத்தி மட்டும் கீழே இறங்கினேன். மேட்டுப்பாளையம் போகும் வழியெல்லாம் எதிரே வரிசையாகக் கார்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குளிரைப் பிடித்துப் பார்க்கும் குழந்தைகள். எடுத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, இருபத்தொரு வருடமாக அனுபவித்துவிட்டேன். மழைக்காலத்தில் துவைத்த சுடிதார் மூன்று நாளாகியும் காயாது, அப்புறம் அடுப்புக்கு மேலே கட்டி, புகை வாசனையோடு காலேஜுக்குப் போக வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெருவில் நடமாடுவது நாய்களும் எப்போதாவது ஒரு காட்டெருமையும்தான்.

பி.காம் முடிந்துவிட்டது. கிடைத்திருப்பது வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை, சம்பளம் 22,000. இணையம் இருந்தால் போதும், எந்த ஊரில் உட்கார்ந்து செய்கிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். எனக்கு இரண்டே நிபந்தனை. ஊர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு நானாக வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வர முடிய வேண்டும். இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. பக்கத்திலேயே கோயம்புத்தூர் இருக்கிறதே என்றார் அப்பா. கோயம்புத்தூர் என்றால் அம்மா வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து என் பீரோவைத் திறந்து பார்ப்பாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கோவையில் ஒரு நுனியில் இறங்கி இன்னொரு நுனியில் இருக்கும் சிங்காநல்லூருக்கு டவுன் பஸ்ஸில் போய், அங்கே மதுரை பஸ் பிடித்தேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று ஊர் தாண்டத் தாண்ட என் பாட்டில் தண்ணீர் சூடாகிக்கொண்டே வந்தது. ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மாலை ஐந்து மணி. வடைச் சட்டிக்கு மேலே முகத்தை நீட்டியது போல இருந்தது. உண்மையைச் சொன்னால் முதல் பத்து நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மாவின் பெரியம்மா மகள், எனக்குப் பெரியம்மா, தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருக்கிறார். பையைத் திறந்தால் மேலேயே ஒரு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும். அம்மாவின் வேலை. பெரியம்மா அந்தக் குல்லாவைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு தெருவில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மே 19, மதுரை

நான் செய்த முதல் முட்டாள்தனம், மதியம் ஒன்றரை மணிக்கு ஊர் சுற்றக் கிளம்பியது. "இந்நேரத்துல எவளாச்சும் வெளிய போவாளாத்தா?" என்றார் பெரியம்மா. கேட்கவில்லை. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டுக் கல்லில் காலை வைத்தேன். கோலாட்டம் ஆடியபடியேதான் வாசலுக்குப் போனேன். வெள்ளை பெயின்ட் அடித்த பட்டை ஒன்று வழியில் இருக்கிறது, அதில் நடந்தால் சுடாது என்பதை எனக்குப் பின்னால் வந்த ஏழு வயதுப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோயில் நடை சாத்தியிருந்தது. மதியம் சாத்துவார்கள் என்பதுகூடத் தெரியாமல்தான் இந்தத் துள்ளல்.

திரும்பி வந்தால் தெருவே தூங்குகிறது. கடைக்காரர் கல்லாவில் தலை சாய்த்துத் தூங்குகிறார், ரிக்‌ஷாவில் ஒருவர், திண்ணையில் ஒருவர். தூங்கா நகரம் என்பார்களே, அது பகலில் தூங்கி முடித்துவிடுகிற நகரம் போலிருக்கிறது. நானும் பெரியம்மா வீட்டு சிவப்புத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்தேன். ஐந்து மணிவரை எழுந்திருக்கவில்லை.

இந்த ஊரில் வழி கண்டுபிடிப்பது சுலபம். மாசி வீதியிலிருந்து உள்ளே போனால் ஆவணி மூல வீதி, இன்னும் உள்ளே சித்திரை வீதி, கோயிலுக்குள் ஆடி வீதி. ஒவ்வொன்றும் ஒரு சதுரம், அதற்குள் ஒரு சதுரம். பெரியம்மா வழி சொல்லும்போது இடது, வலது என்ற பேச்சே இல்லை, "உள்ளாற போ", "வெளிய வா" மட்டும்தான். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, 50 ரூபாய். பாலைச் சுண்டக் காய்ச்சி, கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் போட்டு மேலே ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. கடற்பாசி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும், மெல்லப் பார்த்தால் அகப்படாது. அதன்பின் ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால். இந்த வேக்காட்டில் சூடாக, அதுவும் சுக்கு போட்டது எதற்கு என்று கேட்டேன். "குடி, வேர்த்துரும், வேர்த்தா காத்து தெரியும்" என்றார் வண்டிக்காரர். குடித்தேன். வேர்த்தது. எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது, அவர் சொல்லிவைத்து வந்தது போல.

மணி பதினொன்று. மல்லிகைப் பூ தலையில் வைத்த பெண்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பரோட்டாக் கடை வாசலில் காத்திருக்கிறார்கள். கறி தோசைக்கு மூன்று அடுக்கு. கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கறி. நான் பாதிதான் சாப்பிட முடிந்தது. மீதியைப் பெரியம்மா பேசாமல் தன் இலைக்கு இழுத்துக்கொண்டார்.

முடிவு செய்துவிட்டேன், மதுரைதான் என்று அம்மாவுக்கு ராத்திரியே போன் செய்தேன்.

மே 20, மதுரை

நேற்று எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

பெரியம்மா வீடு ஒற்றை அறை, அதில் நிரந்தரமாகத் தங்க முடியாது. அதனால் காலையில் பெண்கள் விடுதி பார்க்கப் போனோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நாள் முழுக்கச் சுற்றியும் பஸ்ஸுக்குப் பத்து பைசா ஆகவில்லை. நான்கு இடம் பார்த்தோம். சாப்பாட்டோடு 5,500 முதல் 7,000 வரை. மூன்றாவதாகப் பார்த்த இடம் கே.கே. நகரில். வார்டன் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும், நேரடியாகப் பேசுகிறார். கீழே இரண்டு பேர் தங்கும் அறை 6,000. மாடியில் தனி அறை 6,500. "மாடி ரூம் நடுராத்திரி வரைக்கும் அனலா இருக்கும், முன்னாடியே சொல்லிர்றேன், அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது." ஏறிப் பார்த்தேன். சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. வெளியே மொட்டை மாடியில் கொடி கட்டியிருந்தார்கள். வியர்வை துடைத்து ஈரமாகியிருந்த என் துண்டை வேடிக்கையாக அதில் போட்டேன். பேசி முடிப்பதற்குள் காய்ந்து விறைத்துவிட்டது. பதினைந்து நிமிடம்கூட இருக்காது! கோத்தகிரிக்காரிக்கு மட்டும்தான் இது புரியும், கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பிடித்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் தெருவில் இறங்கும் இரும்புப் படி ஒன்று, அதன் கதவில் துருப்பிடித்த பூட்டு.

எல்லாம் சரி என்று இறங்கும்போது அக்கா சொன்னார்: "கேட் ஒன்பதரைக்குப் பூட்டிருவோம்."

மற்ற மூன்றிலும் கேட்டேன். ஒன்பது, ஒன்பதரை, ஒரு இடத்தில் எட்டரை. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு நான் பார்த்த கூட்டத்தில் விடுதிப் பெண் ஒருத்திகூட இருந்திருக்க முடியாது. அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் புருஷனோடும் பிள்ளைகளோடும் வந்தவர்கள், நான் பெரியம்மாவோடு போனது போல. தனியாகப் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்க, இன்று ராத்திரி பத்தரைக்குப் பெரியம்மாவைச் சந்து முனையில் நிற்கவைத்துவிட்டு நான் மட்டும் டீக்கடைக்குப் போனேன். எட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருத்தா, நின்னுக்கிட்டே குடிக்காத" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் மறுபடி ஏதோ நிலத் தகராறு பேசப் போய்விட்டார்கள். டீ 12 ரூபாய். ஊர் பூட்டவில்லை, கேட்தான் பூட்டுகிறது.

மே 21, திருச்சி

மூன்று மணி நேரப் பயணம், மதியம் இறங்கினேன். முன்கூட்டியே பேசி வைத்திருந்த லாட்ஜில், தனியாக வந்த பெண்ணுக்கு ரூம் கிடையாது என்றார்கள். போனில் பேசியது வேறு ஆளாம். ஆதாரைக் காட்டினேன், அப்பாவுக்கே போன் போட்டுக் கொடுத்தேன், "மேனேஜர் சொல்லணும்மா" என்று அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மேனேஜர் எங்கே என்றால் சாப்பிடப் போயிருக்கிறார். நாற்பது டிகிரி வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் அலைந்தேன். நடுவில் போன் சூடாகி, ஆறினால்தான் வேலை செய்வேன் என்று ஒரு அறிவிப்பைக் காட்டிவிட்டு அணைந்தது. எனக்கும் அப்படி ஒரு அறிவிப்பு இருந்தால் நன்றாக இருக்கும். கடைசியில் ஒரு சின்ன லாட்ஜில் 700 ரூபாய்க்கு அறை கிடைத்தது.

சாயங்காலம் மலைக்கோட்டை. நானூறு படிக்கு மேல். பாதி வழி பாறையைக் குடைந்த பாதை, அங்கே மட்டும் குளுகுளு. உச்சிப் பிள்ளையார் வாசலில் காற்று அடிக்கிறது, ஆனால் பாறை பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கீழே இருந்து திருப்பித் தருகிறது. அங்கிருந்து காவிரி தெரிகிறது, அதாவது காவிரியின் மணல். அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். "ஜூன் பன்னெண்டு மேட்டூர்ல தண்ணி திறந்து, இங்க வந்து சேரட்டும்மா, அப்புறம் வந்து பாரு, இது வேற ஊரு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா, தண்ணீர் இல்லாதது தன் தப்பு என்பது போல.

நடுராத்திரி மின்சாரம் போனது. அறைக்குள் இருக்க முடியாமல் எல்லோரும் லாட்ஜ் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தோம். அரியலூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பம் ஒன்று. அந்த அம்மா வெள்ளரிப்பிஞ்சை நான்காகக் கீறி, காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பு மிளகாய்ப் பொடியைத் தடவி, கேட்காமலே என் கையில் ஒன்று வைத்தார். நானும் அவர் பேத்தியும் விசிறி மட்டையை முறை வைத்து வீசினோம். இரண்டு மணி நேரம். கோத்தகிரியில் கரண்ட் போனால் எல்லோரும் கம்பளிக்குள் போய்விடுவோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

மே 22, திருச்சி

கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. மெடிக்கலில் பவுடர் 95 ரூபாய். தனியார் விடுதிகள் இரண்டு பார்த்தேன், 5,000 ஒன்று, 5,500 ஒன்று. வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியும் இங்கே இருக்கிறது. பஸ் வசதி பிரமாதம், மனிதர்கள் தங்கம். பெரிய கடைவீதி ஒன்பது மணிவரை கலகலப்பாக இருந்தது. அதற்கு மேல் ஷட்டர் சத்தம். ஏனோ ஒட்டவில்லை. அந்த வெள்ளரிப்பிஞ்சு அம்மாவுக்கு இது துரோகம் போலத் தோன்றுகிறது, ஆனாலும் ஒட்டவில்லை.

மே 23, புதுச்சேரி

விழுப்புரத்தில் பஸ் மாறி வந்தேன். புதுச்சேரியைப் பற்றிக் காலேஜில் எல்லோரும் சொன்னது உண்மைதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. காந்தி சிலையிலிருந்து கடைசிவரை ஊரே நடக்கிறது. தாத்தாக்கள் வேகமாக, ஜோடிகள் மெதுவாக, குழந்தைகள் குறுக்கே. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் பாறை மேல் ஏறிய பையன்களை விசில் ஊதி இறக்கிக்கொண்டே இருந்தார், ஒருவனை இறக்கினால் இருவர் ஏறுகிறார்கள். பத்து மணிக்கு நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு.

வாடகைதான் விஷயம். கால்வாய்க்குக் கிழக்கே, அந்த மஞ்சள் சுவர் வீதிகளில் வீடு கேட்கவே தைரியம் வரவில்லை, அங்கே ஒரு காபியே 180 ரூபாய். கால்வாய்க்கு மேற்கே தமிழ்ப் பகுதியில் டீ 12, இட்லி நன்றாக இருக்கிறது, சின்ன அறை ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா அன்பாக மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார், "மாசத்துக்கு விடறதுல என்னம்மா இருக்கு, சனி ஞாயிறு ரெண்டு நாளைக்கு விட்டாலே ஒரு மாச வாடகையில பாதி வந்துரும்." கடைசியில் ஒன்பதாயிரம் சொன்னார், அதுவும் வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகமானால் நான் அவர்கள் ஹாலில் படுத்துக்கொள்ள வேண்டும். ஊரின் கலகலப்பில் முக்கால்வாசி வாரக் கடைசியில் வந்து போகிறவர்களுடையது. நானும் வந்து போகிறவளாக இருப்பதுதான் நல்லது. மோர் பிரமாதம், இஞ்சி அளவாக இருந்தது.

மே 24, சென்னை

ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஏ.சி. மகாபலிபுரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள். கண்டக்டர் முன் கதவைத் திறந்துவைத்துவிட்டு, "எல்லாரும் முன்னாடி வந்து நில்லுங்க" என்றார். காசு கொடுத்து சீட் வாங்கிய முப்பது பேர் கதவோரம் நின்றுகொண்டே திருவான்மியூர்வரை வந்தோம்.

எனக்கு வெப்பத்தைப் பற்றி இருந்த கணக்கு சென்னையில் உடைந்தது. திருச்சியில் நாற்பது, இங்கே முப்பத்தேழு என்று போன் காட்டுகிறது, ஆனால் அங்கே வியர்வை வந்ததும் காய்ந்தது. இங்கே காயவே மறுக்கிறது, காற்றில் ஏற்கெனவே அவ்வளவு ஈரம். துண்டும் காயவில்லை. ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழே போட்டும் காலையில் ஜிலுஜிலுவென்று இருந்தது, கண்ணை மூடிக்கொண்டால் கோத்தகிரி.

வேளச்சேரியில் ஒரு விடுதி, இணையத்தில் படம் பார்த்து ஒரு நாளுக்கு 500 கொடுத்துத் தங்கினேன். படத்தில் ஜன்னல் இருந்தது. ஜன்னல் நிஜமாகவே இருக்கிறது, திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் ஒரு சாண். மூன்று பேர் அறை, மாதம் 9,000, ஏ.சி. கரண்டுக்குத் தனிக் கணக்கு. குழாயில் உப்புத் தண்ணீர், குளித்துவிட்டு வந்தால் முடி தேங்காய் நார். குடிக்க 20 லிட்டர் கேன். கேட் பத்தரைக்கு! மதுரையைவிட ஒரு மணி நேரம் கூடுதல், அதற்கு மாதம் 3,000 கூடுதல்.

மே 25, சென்னை

தனி அறை கிடைக்குமா என்று ஒரு புரோக்கரோடு அலைந்தேன். அடையாறில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, 8,500. முன்பணம் பத்து மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாதம். வாடகை பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாது என்றிருக்கிறதே என்றேன். வணிகவியல் படித்ததைக் காட்டிக்கொள்ளக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். புரோக்கர் அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அப்போ நீ ஒத்துக்கோமா, முடிஞ்சுது." அதோடு இன்னொன்று, "ஓனர் கேப்பாரு, நைட்டு எத்தனை மணிக்கு வருவேன்னு." விடுதியென்றால் கேட், வீடென்றால் ஓனர்.

ராத்திரி பக்கத்துக் கட்டில் பெண் என்னைப் பெசன்ட் நகர் கூட்டிப்போனாள். கடலூர்க்காரி, இரண்டு வருடமாக இங்கே. கடற்காற்று அப்போதுதான் உருப்படியாக வீசியது. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, எங்கு பார்த்தாலும் தனியாகவும் கூட்டமாகவும் பெண்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. "சூப்பர்ல?" என்றாள். சூப்பர்தான் என்றேன். எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவாய் என்று கேட்டேன். யோசித்தாள். "லாஸ்ட்டா தீபாவளிக்கு முன்னாடி." அவள் ஆபீஸ் முடிந்து பஸ் ஏறி விடுதிக்கு வர எட்டரை ஆகிவிடுமாம், அப்புறம் துணி துவைத்தால் தூக்கம். பத்து இருபதுக்கு இருவரும் ஓட்டமும் நடையுமாக ஆட்டோ பிடித்தோம். 160 ரூபாய். வாட்ச்மேன் கையில் பூட்டோடு நின்றிருந்தார்.

மே 27, கோத்தகிரி

நேற்று ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் மேட்டுப்பாளையம். பஸ் குஞ்சப்பனை தாண்டியதும் காதில் ஜில்லென்று ஒரு காற்று. வேர்க்குரு அரிப்பு அங்கேயே நின்றது, அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மங்கி குல்லா பையில் இல்லை, பெரியம்மாவிடமே இருக்கிறது போல.

அம்மா எல்லாம் கேட்டாள். வெள்ளரிப்பிஞ்சு அம்மாவைப் பற்றி இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். லாட்ஜ் விஷயத்தை நான் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லியிருக்கவில்லை. எட்டு மணிக்குத் தெரு அடங்கியது. ஒன்பதுக்குப் படுத்தேன், பத்துக்கும் விழித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் இப்போதுதான் கறி தோசைக்கு முட்டை உடைப்பார்கள்.

கே.கே. நகர் வார்டன் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், ரூம் இருக்கிறதா என்று. உடனே பதில் வந்தது. "கீழ் ரூம் போயிருச்சு. மாடி ரூம்தான் இருக்கு. சூடு சொன்னேன்ல."

சூடு பரவாயில்லை அக்கா, பின்பக்க இரும்புப் படிக் கதவுக்குச் சாவி கிடைக்குமா, என் பொறுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன்.

இரண்டு நீல டிக். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம், "ராத்திரி வெளிய எதுக்கும்மா போகணும்?"

"டீ குடிக்க."

"டீ நானே போட்டுத் தர்றேன்."

இன்னும் பதில் எழுதவில்லை.